பிரூனோவின் கறுத்த மச்சம்

காதோர மச்சம் கறுத்துவிட்டதாம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் பிரூனோ நாலு நாளாகச் சாகக் கிடப்பவர்போல் படுத்திருந்தார். பாரிசிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டு அழுதாயிற்று, பங்குச்சாமியாரையும் வரவழைத்தாயிற்று. மனைவி மரி-க்ளேர்தான் முத்தியால்பேட்டையிலிருக்கும் தோல் டாக்டரிடம் இழுத்து வந்தாள்.

டாக்டர் கார்குழலி லென்ஸ் வைத்துப் பார்த்தார். “கறுப்பு திட்டுத்திட்டா இருக்கு. புத்துநோய் மாதிரிதான் தெரியுது. தலைக்கு டை அடிப்பீங்களா?”

“சேச்சே! எங்க பரம்பரைக்கே நரைக்காது.”

மாதாமாதம் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு ஜெபமா செய்கிறார் என்று மரி-க்ளேர் பல்லைக் கடித்தாள்.

“அப்ப வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும்.”

பிரூனோ காதைத் திருப்பிக் காட்டினார். “வெட்டுங்க” என்றார்.

மரி-க்ளேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொய், டாக்டர்! போன வாரந்தான் புது டைய மச்சத்து மேலயும் பூசிக்கிட்டாரு.”

டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைக்கத் துடைக்கப் பஞ்சுதான் கறுத்தது. அடியில், கல்யாணத்தன்று அவள் பார்த்த அதே பழுப்பு மச்சம். டாக்டர் மறுபடி லென்ஸ் வைத்தார். “சாதாரண மச்சந்தான். ஆறு மாசம் கழிச்சுக் காட்டுங்க, டை இல்லாம.”

வாசலுக்கு வந்ததும் பிரூனோ கிசுகிசுத்தார். “ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்கன்னு பொண்ணுகிட்ட சொல்லிடு.”

“சொல்றேன்,” என்றாள் மரி-க்ளேர். “தலையோட எடுத்துட்டாங்க, அதனால ஒரு நஷ்டமும் இல்லன்னு சொல்றேன்.”