கேமராவில் ஒன்றுமில்லை

அக்கா, சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா என்று தெரியவில்லை. குறட்டைச் சத்தத்தைக் காணோம். சித்தி குறட்டை விடாத ராத்திரி உண்டா, நீயே சொல். நான் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சித்திக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். உன் பெயர் அந்தச் சத்தியத்தில் வரவில்லை. இது போங்கு ஆட்டம்தான், எனக்கே தெரியும். ஆனால் பயமாக இருக்கிறது அக்கா. தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

நீ வெளியூர் வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சித்திக்கு லேபில் இந்த முறைதான் முழுசாக ஐந்து நாள் லீவு கிடைத்தது. பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒருநாள் சாப்பிடும்போது, "நான் மலை, ஏரி எல்லாம் பார்க்கப் போறேன்" என்று சொன்னாள். துணைக்கு என்னைக் கூட்டிப்போவதாகவும் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனை. படம் எடுக்க போன் வேண்டாம்.

"போனக் கையில எடுத்தா உடனே லேப்ல இருந்து கூப்பிடுவாங்க. அந்த டியூப் எங்க, இந்த சீட்டு எங்கன்னு. எனக்குத் தனியா ஒரு கேமரா வேணும். சட்டைப் பாக்கெட்ல போடுற மாதிரி சின்னதா. நீதான் பெரிய வக்கீலாச்சே, விசாரிச்சு சொல்லு."

வக்கீல் என்பது எனக்குச் சித்தி வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் வாதாடுவேனாம்.

மூன்று வாரம் விசாரித்தேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன். பெரிய ஜூம் இருக்கிற கேமரா பாக்கெட்டில் நுழையாது. பாக்கெட்டில் நுழைகிறதில் பாதிக்கு மேல், வெளிச்சம் குறைந்தால் புள்ளி புள்ளியாகப் படம் எடுக்கும். எடை, பேட்டரி எத்தனை படத்துக்கு வரும், வெயிலில் திரை தெரியாமல் போனால் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன ஜன்னல் இருக்கிறதா, இப்படி ஒவ்வொன்றாக எழுதி அடித்துக்கொண்டே வந்தேன். சித்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அம்மாவிடம் சொன்னாள்.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்பக்கூட நீங்க இவ்வளவு விசாரிக்கலக்கா. விசாரிச்சிருந்தா ஒருவேளை அமைஞ்சிருக்கும்."

"வந்தவங்களை எல்லாம் நரம்பு சரியில்லன்னு திருப்பி அனுப்பினது யாரு?" என்றாள் அம்மா.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் உண்டு. கை ஆடினால் உள்ளேயே சரிக்கட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசரும் உண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுக்க உதவும் என்று அதை நோட்டில் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.

வாங்கி வந்த அன்றைக்கே சித்தி எங்களை எல்லாம் நிற்கவைத்து எடுத்தாள். அடுப்படி வாசலில் அம்மா, மாடிக் கொடியில் துணி, பேப்பர் படிக்கிற அப்பா. எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. அப்பாவுக்கு இரண்டு மூக்கு.

"உன் மாப்பிள்ளைக்குக் கண்ணு சரியில்லடி" என்றாள் சித்தி.

அப்பா கடைக்குப் போய் மாற்றி வந்தார். புதிதாக வந்ததும் அப்படியே எடுத்தது. "பொண்ணு பார்த்துப் பார்த்து எடுத்தது இதைத்தானா?" என்று அப்பா கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சித்தியைக் கூட்டிக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.

அங்கே நான் செய்ததை நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கிறது அக்கா.

கடைக்காரர் நல்ல மனுஷர். இன்னொன்று மாற்றித் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் விடவில்லை. எனக்கு வழக்கு ஜெயிக்க வேண்டும். எதிரே இருந்த மருந்துக்கடைப் பலகையை நான் பத்துப் படம் எடுத்தேன். சித்தியிடம் கொடுத்து, அதே இடத்தில் நின்று அதே பலகையை அவளையும் பத்து எடுக்கச் சொன்னேன். கண்ணாடி மேஜைமேல் கேமராவை வைத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினேன். என்னுடையதில் சீவிவிட்ட தலைமுடி மாதிரி எழுத்தெல்லாம் பிரிந்து நின்றது. சித்தியுடையதில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் அதன் நிழல்.

"பார்த்தீங்களா அண்ணா, கேமராவில ஒண்ணும் இல்ல" என்றேன், தீர்ப்பு வாசிக்கிற மாதிரி.

சொல்லி முடித்த பிறகுதான் சித்தியைப் பார்த்தேன். அவள் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். கடைக்காரர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு கைப்பட்டையை எடுத்து, "இதை மணிக்கட்டுல மாட்டிக்கங்கம்மா, கீழ விழாது. காசு வேணாம்" என்றார். அவருக்கும் புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சித்தி சொன்னாள். நாலு மாதமாகக் கை நடுங்குகிறதாம்.

"லேப்ல தெரியாது. ஊசி போடும்போது என் மணிக்கட்டு அவங்க கை மேல பதிஞ்சிருக்கும், அதனால அசையாது. அந்தரத்துல நீட்டினாதான் ஆடும்."

"அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல?"

பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே சொன்னாள். "போன மாசம் ஒரு சின்னப் பொண்ணுக்கு மூணு தடவை குத்தினேன். அவ அழுதிருந்தாப் பரவால்ல. அழாம என் கையவே பார்த்துட்டு இருந்தா."

நான் அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். சித்தியே சொன்னாள். "கை நடுங்க நூறு காரணம் இருக்கும்டி. பாதிக்கு மாத்திரையே போதும். டாக்டரைப் பார்க்க வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் நேரம் வாங்கியிருக்கேன். அதுக்கு முன்னாடி இந்த ஒரு பயணத்தைப் போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் உங்கம்மாகிட்ட மூச்சு விடாத. அவ அழுதே என்னைப் படுக்கையில போட்டுடுவா."

சத்தியம் செய்தேன். கூடவே வீட்டுக்குப் போன கையோடு, ஆடுகிற கையால் எப்படிப் படம் எடுப்பது என்று தேட ஆரம்பித்தேன். கடையில் நான் செய்ததற்கு வேறு எப்படிப் பரிகாரம் செய்வது?

டூர் பஸ்ஸில் கிளம்பி வந்த இந்த நாலு நாளும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கையை நீட்டாதே, முழங்கையை விலாவோடு ஒட்டு. ஜன்னலில் கண்ணை வைத்து, கேமராவை நெற்றியோடு அழுத்து. சுவரோ கம்பமோ இருந்தால் சாய்ந்துகொள். இரண்டு வினாடி டைமர் வை, பட்டனை அழுத்துகிற அசைவு அடங்கிய பிறகு அது தானாக எடுக்கும். மூச்சை வெளியே விட்டுவிட்டு அழுத்து.

"இதைத்தான் நான் தினமும் வர்றவங்ககிட்ட சொல்றேன்" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கேமராவைப் பார்த்து, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்துவாள்.

என்ன எடுத்தாள் தெரியுமா? ஏரியை இரண்டு படம், மலையை ஒன்று. மற்றதெல்லாம் கை. படகுக்காரரின் முன்னங்கை, டிக்கெட் கிழிக்கிற பெண்ணின் புறங்கை, பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, மூஞ்சி பிடிக்கலையா?" என்று கேட்டார்.

"மூஞ்சியில ஊசி குத்த முடியாதே. உங்க நரம்பு கயிறு மாதிரி இருக்குங்க. கண்ணை மூடிட்டுக் குத்தலாம்."

அதற்கப்புறம் அவர் சித்தி வந்தாலே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. சித்தி இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை அக்கா. கேமராவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்குவாள், கடைசியாக ஏறுவாள்.

படங்களும் அவ்வளவு அழகு. படகுக்காரர் கையிலிருந்த தண்ணீர்ச் சொட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

இன்று மத்தியானம் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்கும்போது அந்தப் படகுக்காரர் படத்தை என்னிடம் நீட்டினாள். "பாரு, எங்கயாவது ஆட்டம் இருக்கா?"

"இல்ல சித்தி."

"எல்லாம் பழக்கம்தான்டி. நானா பயந்து பயந்து அதிகமாக்கிட்டேன். லீவே இல்லாம வேலை பார்த்தா எந்தக் கைதான் ஆடாது? டாக்டர்கிட்ட வரலன்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை நேரா லேப்தான்."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாயில் டீ கசந்தது. அந்தப் படத்தில் ஆட்டம் இல்லாததற்குக் காரணம் படகுத்துறையில் அவள் சாய்ந்துகொண்ட தூணும், டைமரும், உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு நடுக்கத்தையும் சரிக்கட்டுகிற ஸ்டெபிலைசரும்தான். அவள் கை அன்றைக்குப் போலத்தான் இருக்கிறது. டம்ளர் தட்டில் படும்போது டக்டக் என்று சத்தம் வந்தது, சித்திக்குத்தான் கேட்கவில்லை. அவள் நம்ப ஆசைப்பட்டதற்கு ஆமாம் போட நான் தேடிப்பிடித்து வாங்கின கேமராவும், நான் தேடிப்பிடித்துச் சொல்லிக்கொடுத்த வித்தையும் இருந்தன. லேபில் ஒரு குழந்தையின் கையில் குத்தும்போது இதெல்லாம் ஏது?

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கடையில் ஒரு தடவை சொன்னதே போதும் என்று இருந்தது. அதனால் அதைவிட மோசமாக ஒன்றைச் செய்தேன். அவள் கை கழுவப் போனபோது கேமராவை எடுத்து ஸ்டெபிலைசரையும் டைமரையும் அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் பாலத்தில் விளக்குகளைப் போட்டார்கள். சித்தி சாய எதுவும் இல்லாத இடத்தில் நின்று எடுத்தாள். திரையைப் பார்த்தாள். இன்னொன்று எடுத்தாள். விளக்கெல்லாம் புழு புழுவாக நெளிந்தது.

"இருட்டினா யாரு எடுத்தாலும் இப்படித்தான் வரும்" என்று என்னிடம் கொடுத்தாள். "நீ எடு."

வேண்டுமென்றே ஆட்டி எடுக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன், அக்கா. செய்யவில்லை. மூச்சை விட்டு எடுத்தேன். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் விளக்குகள் வட்டமாக நின்றன. சித்தி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மெனுவைத் திறந்தாள். நான்தானே அதையும் சொல்லிக்கொடுத்தேன்.

"எப்ப அணைச்ச?"

"மத்தியானம். நீ கை கழுவப் போனப்ப."

"வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ நம்பியிருக்க மாட்ட சித்தி. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேமராவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். சாப்பிடும்போது டிரைவர் சட்டைக் கையை மடித்துக் காட்டி வம்புக்கு இழுத்தார், சும்மா தலையை ஆட்டினாள். அறைக்கு வந்ததும் படுத்துவிட்டாள்.

இனிமேல் அவள் கேமராவைத் தொடமாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை வீம்புக்கென்றே லேபுக்குப் போய்விடுவாளோ என்றும் பயம். போய் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால்? நீ இருந்தால் உனக்கு எப்படிப் பேசுவதென்று தெரியும். எனக்கு ஜெயிக்கத்தான் தெரிகிறது

அக்கா, மேலே இருப்பதைப் பாதியில் விட்டுவிட்டேன். சித்தி கூப்பிட்டாள். சுவரைப் பார்த்தபடியேதான்.

"வெளிச்சம் போர்வைக்கு வெளியே வருதுடி. யாருக்கு, உங்கக்காவுக்கா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

"எவ்வளவு எழுதியிருக்க?"

"எல்லாத்தையும்."

கட்டில் கிரீச்சென்றது. எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்து, வலது கையை நீட்டி என் தலைமேல் வைத்தாள். நடுக்கம் என் உச்சந்தலையில் தெரிந்தது, இன்ஜின் ஓட, கிளம்பத் தயாராக நிற்கிற பஸ் மாதிரி. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"திங்கக்கிழமை லேபுக்குப் போவேன். ரத்தம் எடுக்க இல்ல. மேடம்கிட்ட சொல்லி, கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து ரிப்போர்ட் அடிக்கறேன்னு கேட்கப் போறேன். டாக்டருக்குக் காலைல போன் பண்ணி அந்த வியாழனைத் திரும்ப வாங்கணும். உங்கக்காவுக்கு அன்னைக்கு லீவு கிடைக்குமான்னு கேளு. உங்கம்மாவை ஒருத்தர் பிடிச்சுக்கணும், என்னை ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

கிடைக்குமா அக்கா? பஸ் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறது, மலையில் சிக்னல் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு வரி போடு.

சித்தி திரும்பவும் படுத்துவிட்டாள். இப்போது குறட்டை விடுகிறாள்.