வலையில்லாத கோல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு காலி இடத்திலிருந்து பிறந்தது. பழைய காகிதக் கட்டு ஒன்றில் ஒரு கால்பந்துக் கோப்பையின் முதல் சுற்று முடிவுகள் அச்சாகியிருந்தன. ஆண்டு 1936. அகில இந்தியக் கோப்பை. ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரிய பட்டாள அணிகளுக்கு நடுவே யாரும் கேள்விப்படாத சின்னக் கிளப்புகள். எல்லா ஆட்டத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருந்தன. தென்காசி ஆட்டத்துக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. அச்சுக் கோப்பவர் மறந்திருப்பார். உருப்படியான வேலை உள்ளவன் பக்கத்தைத் திருப்பியிருப்பான்.

(அந்தக் காகிதக் கட்டும் என் கற்பனைதான். கோப்பைக்குப் பெயர் வைக்காததும் அதனால்தான். தேட வேண்டாம்.)

2

"அன்று காலை சாரல் முப்பிடாதி வீட்டு ஓட்டின்மேல்—"

வேண்டாம். சாரலில் தொடங்கும் தென்காசிக் கதைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன.

"கோல்கீப்பர் முப்பிடாதி பொய் சொல்லாதவன்."

இது பரவாயில்லை. ஆனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், காரணம் கேட்பீர்கள்.

தென்காசி மைதானத்தில் கோலுக்கு வலை கிடையாது. இரண்டு கம்பம், குறுக்கே ஒரு மூங்கில். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் அடிதடி. ஒரு தடவை மண்டை உடைந்த பிறகு சுற்றுவட்டாரக் கிளப்புகள் கூடிப் பேசின. சந்தேகம் வந்தால் அந்தக் கோலைக் காக்கிறவன் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொண்டார்கள். அதாவது, தோற்கப்போகிறவனே தோற்றதைச் சொல்ல வேண்டும். எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் முப்பிடாதி பதினோரு வருஷம் அதைக் காப்பாற்றினான். திருவிதாங்கூர்ச் செங்கோட்டையோடு நடந்த ஓர் ஆட்டத்தில், வேறு யாருமே பார்க்காத பந்துக்கு அவனாகவே கைதூக்கித் தன் அணியைத் தோற்கடித்தான். அன்று ஊர் அவனைக் கிழிகிழி என்று கிழித்தது. பிறகு அவன் வேலை பார்த்த மரக்கடையில், தடி அளப்பதில் தகராறு என்றால்கூட, "முப்பிடாதியக் கூப்பிடு" என்றார்கள்.

[முதல் பிரதியில் அவன் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். கண்ணும் கவனமும் வேண்டிய வேலை அல்லவா! பொருத்தம் ரொம்பவும் பல்லைக் காட்டியது. மரக்கடைக்கு மாற்றிவிட்டேன்.]

3

மதுரையிலிருந்து ஒரு மில் அணி வந்தது. அவர்கள் காலில் பூட்ஸ், தென்காசிக்காரர்கள் வெறுங்கால். ஜெயித்தவர்கள் மதராஸ் போவார்கள். தென்காசிப் பதினோரு பேரில் மதராஸைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. முப்பிடாதியின் மனைவி சங்கரம்மாள் ஆட்டத்துக்கு முந்தின நாளே பக்கத்து வீட்டில் தகரப்பெட்டி இரவல் வாங்கி வைத்துவிட்டாள்.

(குற்றாலம் பக்கம் கதை நடந்தால் அருவி வர வேண்டும் என்பார்கள். அருவி அன்று நன்றாகவே விழுந்தது. கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.)

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் நாளை மறு ஆட்டம். ஒரு கோல் விழுந்தால் தென்காசி வெளியே. மதுரை கேப்டன் நல்லதம்பி பத்தடியிலிருந்து உதைத்தான். பந்து இடது கம்பத்தை ஒட்டிப் போய்ப் பின்னால் வாய்க்காலில் விழுந்தது.

உள்ளேயா, வெளியேயா? நடுவருக்கு முன்னால் நாலு முதுகுகள். கொடி பிடித்தவர் இருவரில் மதுரைக்காரர் கோல் என்றார், தென்காசிக்காரர் இல்லை என்றார், இதில் ஆச்சரியமில்லை. கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் மழைக்குப் பயந்து எப்போதோ மரத்தடிக்கு ஓடியிருந்தது.

நல்லதம்பி நல்லவன். அதுதான் கஷ்டம். "அவரையே கேளுங்க சார். அவரு வார்த்தைய ஊரே நம்புது. நாங்களும் கட்டுப்படுறோம்" என்று நடுவரிடம் சொன்னான்.

4

இந்த இடத்தில் என் வேலை சுலபம் என்று நினைத்தேன். முப்பிடாதி பார்த்திருப்பான், அவன் தலைக்குள் புகுந்து பார்த்து உங்களுக்குச் சொன்னால் முடிந்தது. புகுந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அவன் கண்ணை மூடிவிட்டான்.

சாரல் கண்ணில் தெறித்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். பூட்ஸ் கால் தன் முகத்துக்கு நேரே எழும்பியதைப் பார்த்தான். பயந்தான். மூடினான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

தென்காசி கேப்டன் சங்கரபாண்டி வந்து அவன் தோளில் கைவைத்தான். "ஏலே, நீ பாத்தத மட்டும் சொல்லு, போதும். நாங்க உன்ன ஒண்ணும் சொல்லமாட்டோம்."

பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருந்தால்கூட முப்பிடாதிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

"கோல்" என்கிறான். மதுரைக்காரர்களே அவனைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். சாகும்வரை அவன் உத்தமன். பந்து வெளியே போயிருந்தால்? பத்துப் பேரின் மதராஸைக் கெடுத்தவன்; அது அவனுக்கே தெரியப்போவதில்லை. இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம்.

"இல்லை" என்கிறான். மறுநாள் தென்காசி ஜெயிக்கிறது. தகரப்பெட்டி ரயில் ஏறுகிறது. மதுரை ஸ்டேஷனில் நல்லதம்பி பூமாலையோடு வந்து நிற்கிறான், முப்பிடாதி ஜன்னல் பக்கமிருந்து—

"நான் பாக்கல" என்கிறான். இதுதான் உண்மை. ஏன் பார்க்கவில்லை என்பார் நடுவர். அதற்குப் பதில் ஒரே வார்த்தை. அதை அவன் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு ஊர் பழைய ஆட்டங்களையெல்லாம் யோசிக்கத் தொடங்கும். செங்கோட்டை ஆட்டத்தில் மட்டும் பார்த்தானா?

அவன்மேல் எனக்கு இரக்கமாக இருக்கிறது. எழுதுகிறவனுக்கு ஆகாத குணம்.

6

நடுவர் பக்கத்தில் வந்துவிட்டார். "சொல்லுங்க" என்கிறார்.

முப்பிடாதி திரும்பிக் கம்பத்துக்குப் பின்னால் பார்க்கிறான். மரத்தடிக்கு ஓடாமல் யாராவது நின்றிருக்க மாட்டார்களா என்ற நப்பாசை. அங்கே நீங்கள் நிற்கிறீர்கள்.

பந்து எந்தப் பக்கம் போனது என்று உங்களைக் கேட்டுப் பயனில்லை. அதை நான் எழுதவே இல்லை. ஆனால் அவன் கண்ணை மூடியது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அவனும் கண்டுகொண்டான்.

நான் இத்தோடு விலகிக்கொள்கிறேன். என்னால் அவனுக்கு உபத்திரவம் வராது. இனி அந்த மைதானத்தில் அவனைத் தவிர விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வாயைத் திறக்கிறான். ஒரு வார்த்தை சொல்லப்போகிறான். எதுவானாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வான். அதற்கு நீங்கள் தலையாட்டுவீர்களா என்பதை நான் எழுதப்போவதில்லை.