பன்னிரண்டாவது சட்டை

நாகூர் மூஸாவுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி எங்கே நின்று கிளம்பினாலும் தலையை எண்ணாமல் கியர் போடமாட்டார். டீக்கு நிறுத்தினாலும் எண்ணுவார், போட்டோவுக்கு நிறுத்தினாலும் எண்ணுவார். பட்டாளத்தில் பதினாறு வருஷம் காஷ்மீர் மலையிலேயே லாரி ஓட்டிவிட்டு வந்தவர், எழுபத்தைந்தாம் வருஷம் தஞ்சாவூர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்: காஷ்மீர், லடாக், பனிமலைப் பாதை, எட்டே எட்டு பேர், நம்ம ஊர் சாப்பாடு. மேட்டூர் திறக்க நாள் இருந்தது, வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. வேலையில்லாத வைகாசி மாசத்தில் மிராசுதார் ரெங்கசாமியும் அவர் பெண்டாட்டி மங்களாம்பிகையும் இரண்டு சீட்டுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

மங்களாம்பிகைக்கு மூஸாவைப் பிடித்துப்போனதே அந்த எண்ணிக்கையால்தான். அவளும் அப்படித்தான். தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரே பீஸாகத் துணி வரும். பண்ணையாள் பன்னிரண்டு பேருக்கும் அவளே கத்திரி பிடித்து வெட்டி, கூடத்திலேயே தையல்காரரை உட்காரவைத்துத் தைத்து, தன் கையால் கொடுப்பாள். ஒரு வருஷம் நீலக் கட்டம், ஒரு வருஷம் பச்சைக் கோடு. வரப்பில் நடக்கிற ஆளின் முதுகைப் பார்த்தே இன்ன பண்ணை, இன்ன வருஷத்துச் சட்டை என்று ஊர் சொல்லிவிடும்.

அந்தச் சட்டைதான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளைக் கோர்ட்டில் ஏற்றியது. எழுபதாம் வருஷத்துக் கார்த்திகை வெள்ளத்தில் வாய்க்கால் மதகில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் இல்லை, மீன் தின்றுவிட்டது. மேலே பச்சைக் கோட்டுச் சட்டை. பண்ணையாள் உத்திராபதியை முதல் நாளிலிருந்தே காணோம். அவனுக்கும் அவன் மச்சான் வீரையனுக்கும் களத்துமேட்டில் வாய்ச்சண்டை நடந்ததை ஊரே பார்த்திருந்தது. வீரையன் சிவப்புக்கொடிச் சங்கத்தின் தலைவன். ரெங்கசாமியிடம் நான்கு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, புதுச் சட்டம் வந்ததும் தைரியமாகத் தன் பேரில் குத்தகையைப் பதிவு செய்துகொண்டவன். பதிவாகிவிட்டால் மிராசுதார் அவனை நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது. உத்திராபதியோ ஐயா பக்கம். போதாதா? பிடித்துக்கொண்டு போனார்கள்.

"பன்னண்டு சட்டை வெட்டினேன். பதினொண்ணு ஊர்ல ஆளு மேல இருக்கு. பன்னண்டாவது இதுதான்." கூண்டில் ஏறி அவள் சொன்னது அவ்வளவுதான். சத்தியமான வார்த்தை. வீரையனுக்கு ஆயுள் தண்டனை, திருச்சி ஜெயில். கோர்ட்டு வாசலில் வீரையனின் கூடப்பிறந்த தங்கை, உத்திராபதியின் பெண்டாட்டி எல்லையம்மாள், மண்ணை வாரி அண்ணன் முகத்தில் எறிந்து, "என் தாலிய அறுத்த பாவி, நீ வெளங்குவியா?" என்று கத்தினாள். குத்தகை நிலம் நான்கு ஏக்கரும் சத்தமில்லாமல் பண்ணைக்குத் திரும்பியது. மங்களாம்பிகைக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் ஒரு பொட்டுக்கூட இருந்ததில்லை. கணக்கு சரியாக இருந்ததே!

ஸ்ரீநகர் தாண்டி, பனியை வெட்டி இரண்டு பக்கமும் சுவராக நிறுத்தியிருந்த கணவாய் வழியாக வேன் ஊர்ந்து ஏறியது. மரம் கிடையாது, குருவி கிடையாது. பார்த்த இடமெல்லாம் வெள்ளை. கூட வந்த திருவையாற்று டீச்சர் பிரகதாம்பாள், "யாரு வந்து இவ்வளவு கற்பூரத்தைக் கொட்டினாங்க?" என்றாள். "பச்சைன்னு ஒண்ணு உலகத்துல இருக்குறதே மறந்துடும் போல," என்று ரெங்கசாமி புதுக் கம்பளிக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கீழே பார்த்தால் பாதாளம். மங்களாம்பிகை கண்ணை மூடி ஐயாறப்பரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கணவாயின் அந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட். பாதை ஒருவழி. ஏறுகிற வண்டிகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்ரீநகர் பக்கம் இறங்குகிற வண்டிகளை விடுவார்கள். கடைசி லாரி போனதும் மூங்கில் தடுப்பு விழும், அப்புறம் மறுநாள்தான். "அரை மணி நேரம். டீ குடிங்க, தூரப் போகாதீங்க," என்றார் மூஸா.

ரோட்டோரம் பனியை வாரிக்கொண்டிருந்த கூலியாட்களில் ஒருத்தன் மண்வெட்டியைக் கீழே போட்டான். தலையில் கம்பளிக் குல்லா, உடம்பில் பஞ்சு பிதுங்கும் கோட்டு, முகமெல்லாம் குளிரில் கருகி வெடித்திருந்தது. தமிழ்ப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். ஓடி வந்தான். வந்தவன் நேராக ரெங்கசாமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஐயா! எங்க ஐயா! உங்க புண்ணியத்துல உசிரோட இருக்கேங்கய்யா!"

குல்லாவைக் கழற்றினான். இடது புருவத்தில், களத்துமேட்டு மாடு முட்டின தழும்பு.

மங்களாம்பிகையின் கையிலிருந்த டீ கொட்டிப்போனது. அவள் வேனின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். செத்தவன். பதினாறாம் நாள் காரியத்துக்கு இவள்தான் அரிசி அளந்து கொடுத்தாள்.

"யாருடா நீ? பைத்தியம். மூஸா, இவனை விரட்டுங்க," என்றார் ரெங்கசாமி.

"ஐயா, உத்திராபதிங்கய்யா. நம்ம பண்ணை உத்திராபதி. அம்மா, அம்மாவுக்குமா என்னைத் தெரியலை?"

"உத்திராபதி," என்றாள் அவள். சொல்லிப் பார்த்தாள், அவ்வளவுதான். "நீ எப்படிடா இங்க?"

"ஐயாதாம்மா அனுப்பினாங்க. மதகுல அநாதைப் பொணம் ஒதுங்கிக் கெடந்ததே, அதை மொதல்ல பாத்தது நான்தான். ஓடி வந்து ஐயாகிட்ட சொன்னேன். ஐயா வந்து பாத்துட்டு, 'நீதான் பாத்தேன்னா கொலைப்பழி உன் தலையிலதான்டா விழும், இப்பவே ஓடிடு, ஊருக்குக் காயிதம்கூடப் போடாதே'ன்னு டிக்கெட்டும் எடுத்துக் குடுத்தாங்க. பெத்த தகப்பன்கூட செய்ய மாட்டாம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பண்ணைச் சட்டையில போனா அடையாளம் தெரியும்னு அதைக் கழட்டி வாங்கிக்கிட்டு, ஐயா தன்னோட சட்டையவே குடுத்தாங்க. இன்னமும் போட்டிருக்கேன், பாருங்க."

வாங்கிக்கொண்டார். சட்டையை வாங்கிக்கொண்டார்.

வாங்கின சட்டை எங்கே போனது என்று மங்களாம்பிகைக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அதைத்தான் அவள் கோர்ட்டில் தூக்கிப் பிடித்து அடையாளம் காட்டினாளே! மனுஷர் அதைப் பிணத்துக்கு மாட்டிவிட்டு, இவள் எண்ணுவாள் என்று தெரிந்து, இவள் எண்ணினால் ஊர் நம்பும் என்று தெரிந்து, கோர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அட படுபாவி மனுஷா! அந்தப் பிணம்தான் யார் பெற்ற பிள்ளையோ.

"மச்சான் எப்படிம்மா இருக்கான்? வீரையன்? இன்னும் கொடியத் தூக்கிக்கிட்டுத்தான் திரியிறானா?" உத்திராபதி சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஜெயில்ல இருக்கான். உன்னைக் கொன்னதுக்காக."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அவன் ஐயாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மறுபடி ஐயாவைப் பார்த்தான். "நான் இருக்கேனேம்மா," என்றான்.

பிரகதாம்பாள் டீச்சர், "ஐயோ, ஐயோ," என்று வாயில் அடித்துக்கொண்டாள். ரெங்கசாமி அதற்குள் சுதாரித்துவிட்டார். எவ்வளவு பெரிய மனுஷர்! கோட்டைக் கழற்றினார், முகத்தில் ஒரு சிரிப்பைக்கூட வரவழைத்துக்கொண்டார்.

"அட, நம்ம உத்திராபதியேதான்! எனக்குக் கண்ணு சரியில்லைடா. இந்தக் குளிர்ல கந்தலைப் போட்டுக்கிட்டு நிக்கிறியே. இந்தா, இந்தக் கோட்டைப் போட்டுக்க. உள்ள போட்டிருக்கியே, அந்தப் பழைய சட்டை, அதைக் கழட்டிக் குடு. ஊருக்குப் போய் எல்லாத்தையும் நானே சரி பண்ணிடறேன்."

பிள்ளைப்பூச்சி அவன். ஐயா சொன்னால் கேட்டே பழகின உடம்பு. அந்தக் குழப்பத்திலும் விரல் தன்னால் பொத்தானுக்குப் போனது. பஞ்சுக் கோட்டு விலகி, உள்ளே பழுப்பேறின வெள்ளைச் சட்டை தெரிந்தது. இரண்டு பொத்தான் கழன்றுவிட்டது.

"கழட்டாதே!"

அவள் போட்ட சத்தத்தில் செக்போஸ்ட் சிப்பாய் திரும்பிப் பார்த்தான். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் புருஷன் முன்னால் அவள் குரலை உயர்த்தியதில்லை. ஓடிப்போய் உத்திராபதியின் கழுத்துப்பட்டியை மடக்கிப் பார்த்தாள். வெளுக்கப் போடும் துணிக்கு வண்ணார் வைக்கிற கறுப்புக் குறி: இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவர்கள் வீட்டுக் குறி. அந்தக் கார்த்திகையில் ஒரு வெள்ளைச் சட்டை குறைகிறது என்று வண்ணாரைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டினாளே! அந்த மனுஷர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லையே. புருஷன் பக்கத்தில் நின்று, "போனாப் போவுது, விடு," என்று பெரிய மனசு காட்டினாரே.

"மங்களம், நான் சொல்றதைக் கேளு. வண்டியில ஏறு," என்றார் ரெங்கசாமி தாழ்ந்த குரலில். "எல்லாம் நமக்காகத்தான் செஞ்சேன். அவன் நாலு ஏக்கரைப் பதிவு பண்ணினதை விட்டிருந்தா மத்தவனும் பண்ணியிருப்பான், பண்ணையே போயிருக்கும். நீ வாயைத் திறந்தா உன் புருஷன் நான்தான் உள்ள போவேன். யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தாள். தன் கழுத்துத் தாலியைத் தடவிப் பார்த்தாள். எல்லையம்மாள் அறுத்துப் போட்ட மஞ்சக் கயிறும் நினைப்புக்கு வந்தது. அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதே, உன் அண்ணனுக்குத் தண்டனை வாங்கிக் குடுத்துட்டோம்ல," என்று ஆறுதல் சொன்னதும் வந்தது.

எதிர்ப்பக்கம் இறங்குகிற லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒரே ஒரு ஆப்பிள் பெட்டி லாரி, காலியாக.

"மூஸா பாய், அந்த லாரிய நிறுத்துங்க. நானும் இவனும் கீழ போறோம்."

மூஸா அவளைப் பார்த்தார், மிராசுதாரைப் பார்த்தார். மிராசுதார், "நிறுத்தினே, தஞ்சாவூர்ல நீ தொழில் பண்ண முடியாது," என்றார். மூஸா நடுரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். டிரைவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். கதவு திறந்தது.

உத்திராபதி காலெடுக்காமல் நின்றான். "அம்மா, ஐயாவை விட்டுட்டு... எனக்குப் பயமா இருக்கும்மா. தூக்குல போட்டுட மாட்டாங்களே?"

"உன்னை ஒருத்தரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ உசிரோட இருக்கேன்னு காட்டணும், அவ்வளவுதான். ஏறுடா."

ஏறினான். லாரி நகர்ந்ததும் ரெங்கசாமி வெறும் சட்டையோடு பின்னால் ஓடி வந்தார், கோட்டு பனியில் கிடந்தது. சிப்பாய் தடுப்பை இறக்கினான். மிராசுதார் தமிழில் கத்தினார், இங்கிலீஷில் கத்தினார். சிப்பாய் வானத்தையும் கடிகாரத்தையும் காட்டி, நாளைக்கு என்று கையசைத்தான். பின்னால் மூஸா பழக்கதோஷத்தில் தலையை எண்ணுவது கண்ணாடியில் தெரிந்தது. ஏழோடு விரலை நிறுத்திவிட்டு, எண்ணிக்கை சரி என்பதுபோல் வேன் கதவைத் திறந்தார்.

பனிச்சுவருக்கு நடுவே லாரி இறங்கியது.

"எல்லையம்மா என்னைப் பாத்தா என்னம்மா சொல்லுவா?" என்றான் அவன்.

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். அப்புறம் அவன் மார்பில் திறந்து கிடந்த இரண்டு பொத்தானையும் தன் கையாலேயே போட்டுவிட்டாள்.

"திருச்சி வரைக்கும் இந்தச் சட்டைய யாரு கேட்டாலும் கழட்டாதே," என்றாள். "நான் கேட்டாலும் குடுக்காதே."