அம்மை விருந்து

"என் பையனை நோயைத் தேடிக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

பால்பண்ணையிலிருந்து வந்த டாரல், சாணி அப்பிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி டாம்சின் காதில் வாங்காதவளாக, ஐந்து வயது பான்ஜோவுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுலயே சின்னம்மை வந்துட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல. மையத்துத் தலைவி கெரின் சொல்லியிருக்காங்க. எல்லா அம்மாக்களும்தான் அந்த அம்மை விருந்துக்குக் கூட்டிட்டு வர்றாங்க."

"பண்ணையில ஒரு கன்னுக்குட்டி விடாம நான் தடுப்பூசி போடுறேன், டாம். நம்ம புள்ள கன்னுக்குட்டியை விடக் கேவலமாப் போயிட்டானா?"

"மாடு வேற, மனுஷன் வேற. படிச்சுட்டுப் பேசு."

"அங்க கேக் இருக்குமாம்மா?" என்றான் பான்ஜோ.

"இருக்கும். சர்க்கரை போடாத கேக்."

"அப்ப நான் வரல."

"இந்த வீட்ல இவன் ஒருத்தனுக்குத்தான் மூளை இருக்கு," என்றான் டாரல். ஆனால் வழியை விட்டு விலகிவிட்டான். டாம்சினோடு வாதாடி ஜெயித்தவர் டல்லாரா ஊரில் யாரும் கிடையாது.

கெரின் நடத்தும் அந்த மையத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. பெயர், 'டல்லாரா குழந்தை நலத் தடுப்பூசித் தகவல் மையம்'. கேட்டால் யாருக்கும் என்ன தோன்றும்? வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸம்மா உட்கார்ந்திருக்கும் அரசாங்க அலுவலகம் என்றுதானே? டாம்சினுக்கும் அப்படித்தான் தோன்றியது. பான்ஜோ இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஊசி எங்கே போடுவது என்று கேட்பதற்காகத்தான் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவள் கெரின். தேனாகக் குழையும் குரல்.

"ஊசியா? தாராளமாப் போடலாம்மா. ஆனா உள்ள என்னென்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடு. நீ நல்ல அம்மா, அதனால சொல்றேன்."

நல்ல அம்மா! பிள்ளை பெற்ற இரண்டாம் மாதம், தலைகூடச் சீவ நேரமில்லாமல் கிடக்கும் ஒருத்தியிடம் இதைச் சொன்னால் அவள் மலையிலிருந்துகூடக் குதிப்பாள். அது அரசாங்க அலுவலகம் அல்ல, கெரின் வீட்டு வரவேற்பறைதான் என்று டாம்சினுக்குத் தெரியவந்தபோது அவளும் அதில் உறுப்பினராகியிருந்தாள். ஊசிச் சான்று இல்லாததால் பான்ஜோவைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் அவள் ரொட்டிக்கடை வேலைக்குப் போவதும், அவள் திரும்பியதும் டாரல் பண்ணைக்கு ஓடுவதுமாக ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மற்ற தாய்மார்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அவள் கேட்டதே இல்லை.

விருந்து கெரின் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்திருந்த சிறுவன், உடம்பெல்லாம் சின்னம்மைக் கொப்புளத்தோடு நடுநாயகமாக மாப்பிள்ளை கணக்காய் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கெரின் மகளோடும் பான்ஜோவோடும் சேர்த்து எட்டுக் குழந்தைகள். அவன் சப்பிய குச்சி மிட்டாயைக் கெரின் வாங்கி, அடுத்த குழந்தையின் வாயில் வைத்தாள்.

"இரு, இரு! அதுல சர்க்கரை இருக்கா?" என்று பதறினாள் ஒரு தாய்.

"சேச்சே. சுத்தமான தேன்ல நானே செஞ்சது."

எல்லோருக்கும் உயிர் வந்தது. மிட்டாய் ஒரு சுற்று வந்தது. மற்ற ஏழு தாய்மார்களும் காலை நீட்டிக்கொண்டு மூலிகைத் தேநீர் குடித்தார்கள். டாம்சினால் மட்டும் பான்ஜோவின் வாயிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தனக்கு இன்னும் நம்பிக்கை முதிரவில்லை போலிருக்கிறது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

பதினைந்தாம் நாள் பான்ஜோவின் வயிற்றில் முதல் கொப்புளம் வந்தது. அதிலிருந்து நான்காம் நாள் சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. மூச்சு விட முடியாமல் பையன் திணறியபோது டாரல் அவனைத் தூக்கி வண்டியில் போட்டான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு டாம்சின் ஒன்பது நாளும் அழுதாள். கணவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்தப் பாவி திட்டவில்லை, தினமும் சாண்ட்விச் வாங்கி வந்தான்.

பான்ஜோ பிழைத்துக்கொண்டான். வீடு திரும்புமுன் டாக்டரம்மா கேட்டாள்: "அந்த மையத்து மேல நான் புகார் எழுதியிருக்கேன். பாதிக்கப்பட்டவங்கன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா பலமா இருக்கும்."

"நான்தானே கூட்டிட்டுப் போனேன்? யாரைக் குத்தம் சொல்ல?" என்று டாம்சின் தலையைக் குனிந்துகொண்டாள். ஏமாந்தேன் என்று ஊரறியச் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரமே மையத்தின் இணையப் பக்கத்தில் கெரின் எழுதினாள்: 'எட்டுக் குழந்தைகள். ஏழு பேருக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை! நம் இயற்கை உணவின் வெற்றி. எட்டாவது குழந்தையின் தாய் ரொட்டிக்கடை வெள்ளை ரொட்டி கொடுத்து வளர்த்தவர் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.'

டாம்சின் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, அன்று கொண்டுவந்த வெள்ளை ரொட்டியைத் தூக்கிக் கோழிகளுக்குப் போட்டாள். என்னத்தைச் சொல்ல! அப்போதும் அவள் நம்பினாள்.

அடுத்த மாதம் சிட்னியிலிருந்து சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி வந்தார். ஊர்ப் பொது மண்டபத்தில் விசாரணை. புகார் நிரூபணமானால், மையம் பெயரை மாற்ற வேண்டும். 'இது ஊசிக்கு எதிரான அமைப்பு' என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை போட வேண்டும். ஊரே திரண்டிருந்தது. டாம்சின் கடையிலிருந்து மாவு படிந்த ஏப்ரனோடு ஓடிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மையத்தின் வக்கீல் எழுந்தார். கெட்டிக்கார மனிதர், கெட்டிக்காரத்தனம் முகத்திலேயே வழிந்தது.

"சட்டம் என்ன சொல்லுது? யாராவது ஒருத்தர் இவங்க பேச்சை நம்பி நடந்து பாதிக்கப்பட்டிருந்தாத்தான் நீங்க நடவடிக்கை எடுக்க முடியும். நம்பி நடந்தவங்க ஒருத்தர்கூட இல்லைன்னு நான் நிரூபிக்கிறேன்." ஒரு கத்தைக் காகிதத்தை மேசையில் வைத்தார். "விருந்துக்கு வந்த ஏழு குழந்தைகளோட தடுப்பூசிச் சான்று. ஏழு தாய்மார்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காங்க. ஒரு ஊசி விடாம எல்லாம் போட்டாச்சு. தலைவியோட மகளுக்கும் சேர்த்து."

மண்டபத்தின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீல் ஒவ்வொரு தாயையும் தனித்தனியாகப் பார்த்துச் சான்று வாங்கியிருந்தார். 'மத்தவங்களுக்குத் தெரியாது' என்று ஏழு பேரிடமும் சத்தியம் செய்திருந்தார். இப்போது ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

"நீயுமா?" என்றாள் ஒருத்தி.

"நீ மட்டும் என்னவாம்?" என்றாள் இன்னொருத்தி.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எட்டாவது குழந்தை?"

"அந்தத் தாய் புகார் எதுவும் கொடுக்கலைங்க. அவங்க சொந்த விருப்பத்துல நடந்தது."

டாம்சின் எழுந்தாள். முன்வரிசையிலிருந்து கெரின் திரும்பி, அதே தேன் குரலில், "உக்காரு டாம்சின், நீ நம்ம ஆளு," என்றாள்.

"இல்ல கெரின். நீங்க எல்லாரும் ஒரே ஆளு. நான் வேற." டாம்சின் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள். "எம் பேரு டாம்சின். ரொட்டிக்கடையில வேலை. இவங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்புனேன். நம்பித்தான் ஊசி போடலை. நம்பித்தான் அந்த மிட்டாயை எம் பையன் வாயில வைக்க விட்டேன். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். ஏமாந்தவ நான்தான், எழுதிக்குங்க. கையெழுத்து எங்க போடணும்?"

டாரல் எங்கேயோ நின்று மூக்கை உறிஞ்சிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதிகாரி அவள் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கையில் வைத்தபடியே கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இந்த மையம் சொல்றதை நம்பினவங்க வேற யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. கெரினும் தூக்கவில்லை.