ஆறாத சூளை

“திறக்காதீங்க, கைய எடுங்கன்னா—”

“நீ பேசாத, ஒக்புன். சேவகனுங்க படகுத்துறையில இறங்கிட்டானுங்க.”

“உள்ள இன்னும் தகதகன்னு இருக்கு! குளுந்த காத்து பட்டா மொத்த ஜாடியும் வெடிச்சிரும்.”

“வெடிக்கட்டும். நீ வரைஞ்சியே, அது முழுசா வெளிய வந்தா நம்ம தலை போயிரும்டி.”

ஜாடிக்குச் சாம்பல் குழம்பு பூசி, அது காய்வதற்குள் விரலால் புல்லிதழ் இழுப்பது ஒக்புனின் வேலை. இந்த முறையும் புல்தான் இழுத்தாள். ஒரு ஜாடியில் மட்டும், ராஜா தடை செய்திருந்த மதத்தின் சிலுவை. பனிக்காலத்தில் இறந்துபோன தன் கைக்குழந்தைக்காக. ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லை. மலையில் ஒளிந்திருந்த சாமியாரை அதற்கு முன்பே பிடித்துப் போயிருந்தார்கள். சூளை மூடி எரிந்து முடிந்த பிறகுதான் கணவன் தொக்சாமிடம் சொன்னாள்.

“உள்ள எட்டிப் பாக்கவா போறானுங்க?”

“மேலூர்ச் சூளையில என்ன பண்ணானுங்க? ஆறுற வரைக்கும் காவல் உக்காந்து, ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்தானுங்கல்ல? எங்க வெச்ச, சொல்லு.”

“வாய்கிட்டதான். இடது பக்கம்.”

தொக்சாம் நனைத்த வைக்கோல் பாயைப் போர்த்திக்கொண்டு சூளை வாயை இடித்தான். வெக்கை முகத்தில் அறைந்தது. கொக்கிக் கம்பால் அந்த ஜாடியை இழுத்துத் தள்ளி அடித்து நொறுக்கினான். சிலுவை இருந்த ஓட்டுத் துண்டை ஒக்புன் இன்னொரு கம்பால் தள்ளிக்கொண்டு போய், மண் குழைக்கும் குழியில் அமுக்கினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது.

“தெரியுதா?”

“இல்ல. உங்க புருவம் கருகிப்போச்சு, தொடைங்க.”

சேவகர்கள் வந்தார்கள். குடிசையில் கிம்ச்சி ஊறுகாய்ப் பானைவரை கைவிட்டுத் துழாவினார்கள்.

“மேற்கத்திய சாமிய இதுக்குள்ள ஊறப் போட்டிருப்பான்னு பாத்தேன்,” என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான்.

ஒன்றும் அகப்படவில்லை. இருவரும் படகுத்துறைக்கு இறங்கத் தொடங்கினார்கள். ஒக்புன் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவர்களுடைய தலைவர் மட்டும் நகரவில்லை. வயதானவர், அதுவரை வாய் திறக்காதவர். சூளை வாயருகே நின்று காது கொடுத்தார். உள்ளே ஜாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விண், விண் என்று விரிசல் விட்டுக்கொண்டிருந்தன.

“என் பொண்டாட்டி வீடும் சூளைக்காரங்கதான்யா,” என்றார். “பெத்த அப்பன் செத்த அன்னிக்குக்கூட என் மாமனார் ஆறாத சூளையத் திறக்கல. நீ எதுக்குய்யா திறந்தே?”