கை காட்டிய சனம்

ஜீவராஜ் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிப் பழகியவன். பூண்டுலோயாவுக்கு மேலே போகும் மலைப்பாதையில் எந்த முடக்கு வளைவுக்கு எந்த கியர் என்று அவன் கைக்கே தெரியும். ஆனால் லொறி ஓட்டுகிற அவனை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஹோன் அடித்தால் ஒதுங்குவார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பழைய கார் வந்த பிறகுதான் சனம் அவனைப் பார்க்கத் தொடங்கியது.

கார் பைஸர் முதலாளியுடையது. ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் அவர், ஏதோ ஒரு பங்களாவின் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, மேலே பாலாடை நிறமும் கீழே அரக்கு நிறமும் அடித்து, கல்யாண வாடகைக்கு விட்டார். வெள்ளைக்காரன் காலத்துக் கார். உருண்ட முகப்பு, பெரிய கண் மாதிரி இரண்டு விளக்கு. பழைய ஹோன் செத்துப்போயிருந்ததால், அழகுக்கும் ஆச்சு என்று, ரப்பர் பந்தை அமுக்கினால் ‘பாம், பாம்’ என்று கத்தும் பித்தளைக் குழலை ஜன்னலோரம் பூட்டியிருந்தார். அந்தச் சத்தத்துக்கு லயத்து வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓட்ட ஜீவராஜைக் கூப்பிடுவார்.

அந்த ஞாயிறு, பிரியந்தி என்ற பெண்ணின் கல்யாணம். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், உச்சியில் இருக்கும் மேல்கணக்கு என்ற பிரிவில் பெண்வீடு. டவுன் கோயிலில் தாலி கட்டு. பெண்ணையும் அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.

காலையில் காரை எடுக்கும்போதே பிரேக்கில் கால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்குவதுபோல ஜீவராஜுக்குப் பட்டது. பாதி வழியில் நிறுத்தி முதலாளிக்குப் போன் எடுத்தான்.

“முதலாளி, பிரேக்கு கொஞ்சம் எறங்குற மாதிரி இருக்குங்க.”

“பழைய கார் அப்புடித்தான் ஈக்கும் ஜீவராஜ். ரெண்டு தரம் அமுக்கினா புடிக்கும். பொண்ணூட்டுக்காரங்க பாத்துக்கிட்டு ஈப்பாங்க, நீங்க மெல்லப் போங்க.”

இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தான். பிடித்தது. ஏறினான்.

ஏற்றம் முழுக்க ஒரே கொண்டாட்டம். கைக்காசுக் கூலிக்குக் கொழுந்தெடுக்க வந்திருந்த பெண்கள் மலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு இறங்கி வந்து பார்த்தார்கள். பையன்கள் காருக்குக் கூடவே ஓடினார்கள். போன் இல்லாத கையே இல்லை. கடைப்பக்கம் வந்தபோது மூக்கன் என்ற கிழவர் மட்டும் ரோட்டை விட்டு வடிகானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

“தாத்தா, காருக்குள்ள தொர இல்ல, நம்ம ஜீவராஜு அண்ணன்!”

கிழவர் சிரிக்கவில்லை. கார் தாண்டிய பிறகும் துண்டைக் கட்டவில்லை. ஜீவராஜுக்கு அது கண்ணாடியில் தெரிந்தது.

பெண்வீட்டு வாசலில் பிரியந்தி தயாராக நின்றாள். அப்பா செல்லசாமி புது வேட்டியில், எங்கே கை வைத்தால் அழுக்காகிவிடுமோ என்று காரைத் தொடாமலே சுற்றிப் பார்த்தார். இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். முன்சீட்டில் சீர்த்தட்டுகளை அடுக்கினார்கள். மற்றவர்கள் பின்னால் வேனில்.

வீடியோ எடுக்கும் தனுஷன் ஜன்னலில் குனிந்தான். “அண்ணே, கூட்டாளி பைக்க ஓட்டுவான், நான் பின்னுக்குத் திரும்பி ஒக்காந்து ஒங்களுக்கு முன்னால போவேன். பைக்க முந்தாதீங்க. சனம் கை காட்டுனா நீங்களும் காட்டுங்க. நல்லா வரும்.”

மழை தூறி நின்றிருந்தது. ரோடு ஈரம். முதல் முடக்கைச் சுகமாகவே எடுத்தான். தோட்டத்துக் கோயில்மேட்டைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. பிரேக்கில் கால் வைத்தான். கால் தடுப்பே இல்லாமல் தரைவரை போய் முட்டியது. எடுத்து மறுபடி அமுக்கினான். மறுபடி. உள்ளே காற்றை மிதிப்பது போல இருந்தது.

மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரை இழுத்தான். என்ஜின் கத்தியது, கார் கொஞ்சம் அடங்கியது. ஒன்றுக்குப் போட முயன்றபோது உள்ளே பல் நறநறத்தது, ஏறவில்லை. கை பிரேக்கை முழுக்க இழுத்தான். தீய்ந்த நாற்றம் வந்தது. வேகம் குறையவில்லை.

இடப்பக்கம் பாறை; வலப்பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஆறு. முன்னால் தனுஷனின் பைக், ஆடி ஆடி மெதுவாக. அதற்கும் முன்னால் ரோட்டின் இருபுறமும் சனம்.

ரப்பர் பந்தை அமுக்கினான். பாம், பாம், பாம்.

சனம் ரோட்டுக்கு வந்தது.

“வந்துருச்சு! வந்துருச்சு!” என்று ஒரு பெண் கத்துவது கேட்டது. லயத்துக்குள்ளிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். ஜீவராஜ் ஒரு கையை வெளியே நீட்டி, விலகுங்க, விலகுங்க என்று வீசினான். அவர்களும் கையை வீசினார்கள்.

“அண்ணே, என்னாச்சு?” பின்னாலிருந்து பிரியந்தி கேட்டாள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“பிரேக்கு இல்ல தங்கச்சி.”

“ஐயோ!” என்றார் செல்லசாமி. முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நிப்பாட்டுங்க தம்பி! எங்கயாவது நிப்பாட்டுங்க!”

பிரியந்தி ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி இறக்கினாள். நகையும் மாலையுமாக இடுப்புவரை வெளியே வந்து, “தள்ளுங்க! ரோட்ட விட்டுத் தள்ளுங்க! பிரேக்கு இல்ல!” என்று கத்தினாள். அவள் கண்ணிலிருந்து மை வழிந்தது.

பின்னால் வந்த வேனில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் வாய் அசைவதுதான் வெளியே தெரிந்தது. ரோட்டோரம் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தட்டிக் காட்டினார்கள்.

“பொண்ணு அழுவுது பாருடி, பாவம்.”

“அப்பன் வூட்ட விட்டுப் போறதுன்னா சும்மாவா?”

அழுகிற பெண்ணைக் கிட்டத்தில் எடுக்க இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தன போன்கள். ஒருவனுடைய முழங்கை கார்க் கண்ணாடியில் பட்டது. அவன் சிரித்துக்கொண்டே கையை உதறினான்.

அடுத்த முடக்கில்தான் அது நடந்தது. பாறை மறைத்திருந்த இடத்திலிருந்து வினோதா என்ற இளம்பெண் கைக்குழந்தையோடு ரோட்டுக்குள் இரண்டடி எடுத்து வைத்தாள். குழந்தைக்குப் பொம்மைக் கார் மாதிரி ஒரு காரைக் காட்டுகிற சந்தோஷம் அவளுக்கு. குழந்தையைத் தூக்கி முன்னால் நீட்டினாள். “அந்தா பாரு, அந்தா பாரு!” குழந்தையின் கையைப் பிடித்துத் தானே ஆட்டினாள்.

ஜீவராஜ் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். ரோட்டோரக் கல்லுக்கட்டில் கார்ச் சில்லு உரசியது. ஒரு கணம் காருக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போலவும், எதிரே வெறும் மேகம் மட்டும் இருப்பது போலவும் இருந்தது. பிறகு கார் ரோட்டுக்குத் திரும்பியது. பின்னால் பிரியந்தி வீறிட்டாள். குழந்தையின் கால் தன் தோளுக்கு எத்தனை கிட்டத்தில் போனது என்பதை அவள்தான் பார்த்தாள்.

இப்போது பைக்கும் காரும் ஒரு ஆள் படுக்கிற தூரத்துக்கு வந்துவிட்டன. தனுஷன் கமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. இடது கையால், இன்னும் கிட்ட வாங்க, கிட்ட வாங்க என்று சைகை காட்டினான். ஜீவராஜ் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினான். அதையும் படம் பிடித்தான். பிறகு முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, கமராவில் எதையோ திருகினான். திருகியவன் அப்படியே உறைந்துபோனான். கமராவை இறக்கினான். வெறும் கண்ணால் ஜீவராஜைப் பார்த்தான்.

அடுத்த நொடி பைக் ஓட்டுகிறவனின் முதுகில் ஓங்கி அடித்தான். பைக் சீறிப் பாய்ந்தது. “தள்ளு! தள்ளு! கார் நிக்காது!” தனுஷனின் குரல் முடக்குக்கு முடக்கு கீழே போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குரலுக்குச் சனம் விலகியது. கல்யாணக் கார் பேச்சைக் கேட்காதவர்கள் பைக் பேச்சைக் கேட்டார்கள்.

ஆனால் கீழே டவுனில் சந்தை. ஞாயிற்றுக்கிழமை மரக்கறிக்காரர்கள் ரோட்டிலேயே சாக்கு விரித்திருப்பார்கள். அங்கே யாரை விலகச் சொல்வது? அதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, இடப்பக்கம் மண்திட்டும் வடிகானும் ஓடுகிற ஒரு நேர்ரோடு இருக்கிறது. லொறியில் எத்தனையோ தடவை அதைத் தாண்டியிருக்கிறான். அது ஒன்றுதான் இடம்.

“ரெண்டு பேரும் கீழ குனிஞ்சு ஒக்காருங்க. தலையப் புடிச்சிக்கங்க.”

“தம்பி, முதலாளி காரு...” என்றார் செல்லசாமி. பயத்தில் என்ன சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

பிரியந்தி அப்பாவின் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

ஜீவராஜ் இடப்பக்கச் சில்லுகளை வடிகானுக்குள் இறக்கினான். கார் ஒருக்களித்து விழுந்து மண்திட்டில் மோதி, உரசி, மறுபடி மோதியது. கண்ணாடி நொறுங்கியது. சீர்த்தட்டுகள் பறந்தன, குங்குமம் அவன் முகமெல்லாம் அப்பியது. கல்லும் தகரமும் கிழிபடும் சத்தம் நீண்டுகொண்டே போனது. ஒரு மதகுக்கல்லில் முட்டி நின்றது.

அவன் கால் இன்னமும் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது. எடுக்கப் பார்த்தான், வரவில்லை. கையால் முழங்காலைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்தான்.

செல்லசாமிக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. பிரியந்திக்கு நெற்றியில் ஒரு கீறல். அவள் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். சனம் ஓடி வந்தது. தண்ணீர் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள், அவள் தலையைப் பிடித்தவர்கள் இருந்தார்கள். காருக்கு முன்னால் நின்று தன்னையும் சேர்த்துப் படம் எடுத்த ஒருவனும் இருந்தான். தனுஷன் அவன் போனைத் தட்டிவிட்டான்.

பிரியந்தி ஓட்டோவில் கோயிலுக்குப் போனாள். முகூர்த்த நேரம் தப்பிய பிறகுதான் தாலி ஏறியது. செல்லசாமி கட்டுப் போட்ட கையோடு வந்து அட்சதை போட்டார்.

மத்தியானம் பைஸர் முதலாளி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து, சில்லுக்கு உள்பக்கம் பிரேக் எண்ணெய் வடிந்து நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்துவிட்டு மதகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“காலைலயே நீங்க சொன்னீங்க,” என்றார்.

ஜீவராஜ் முகத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கையால் துடைத்தான்.

இரண்டு நாளில், ரோட்டோரம் யாரோ போனில் எடுத்த துண்டு ஒன்று முகநூலில் ஓடியது. ஒரு காதல் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். மாலையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கை வீசும் பெண். ‘ராணி மாதிரி போறா’, ‘எங்க கல்யாணத்துக்கும் இந்தக் கார்தான்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். பைஸர் முதலாளிக்கு நாலு பக்கமிருந்தும் போன். தனுஷன் தன்னிடமிருந்த வீடியோவை முதலாளியின் கடைக்குக் கொண்டுபோய், பாட்டில்லாமல், சத்தத்தோடு போட்டுக் காட்டினான். முதலாளி பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். கேட்ட எல்லோருக்கும் கார் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஜீவராஜ் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பிறகு லொறியை எடுத்தான். எடுக்குமுன் பிரேக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். கூட வருகிறவன் “போதும்ணே, மிதி கழண்டுறப் போவுது” என்று சொல்லும்வரை அமுக்கினான்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறியை நிறுத்திவிட்டு நிற்கும்போது, வினோதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

“அண்ணே, அன்னைக்கி கல்யாணக் காரு ஓட்டுனது நீங்கதானே? இவன் இன்னமும் பாம் பாம்னு சொல்லிக்கிட்டு இருக்கான். நீங்க இவனுக்குக் கை காட்டுனீங்கள்ல, அதுல இவனுக்கு ஒரே சந்தோசம்.”

குழந்தை கையை நீட்டியது. சின்னக் கை, அதில் பிஸ்கட் ஈரம்.

“நான் கை காட்டல தங்கச்சி,” என்றான். “தள்ளிப் போங்கன்னு சொன்னேன். காருக்குப் பிரேக்கு இல்ல.”

“கீழ காரு மோதிருச்சுன்னு சொன்னாங்க. ரோட்டு ஈரத்துல வழுக்கிருச்சுன்னுல்ல...”

“மேலயே பிரேக்கு போயிருச்சு. ஒங்கள நான் பாக்குறப்பவே இல்ல. நான் ஒடிக்காம இருந்தா இவன் காலு காருல பட்டிருக்கும்.”

வினோதா முதலில் சிரித்தாள், கேலி பண்ணுகிறான் என்று. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து குழந்தையின் காலைப் பார்த்தாள். பாதத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். ரோட்டில் ஏதோ ஒரு ஓட்டோ வரும் சத்தம் கேட்டது. அது இன்னும் முடக்கைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் அவள் மடுவத்துச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, குழந்தையை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டாள்.