மெஹபூப் அலிக்கு ஏற்றிய மெழுகுத்திரி

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருஷம், மழைக்காலம். சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் சப்பரம் நிறுத்துகிற கொட்டகை ஒன்று இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அடுப்பங்கரை வேலை ஒழிந்ததும் பெண்கள் சிலர் அங்கே வந்து உட்காருவார்கள். எல்லாரும் பர்மாவில் தங்கள் ஆளைத் தொலைத்தவர்கள். தெருவில் கேலியாக ‘ரங்கூன் சங்கம்’ என்பார்கள். நரம்பில்லாத நாக்கு, சொல்லிவிட்டுப் போகட்டும்.

சங்கத்துக்குச் சட்டம் ஒன்றுதான். கொட்டகைக்குள் ‘செத்துட்டார்’ என்று யாரும் சொல்லக் கூடாது. ‘வந்துடுவார்’ என்றும் சொல்லக் கூடாது. அந்த இரண்டையும் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே! இங்கே அவரவர் ஆள் எதை ருசித்துச் சாப்பிடுவார், எதற்குக் கோபித்துக்கொள்வார் என்று பேசலாம், சிரிக்கலாம். புளியோ பூவோ, கைக்கு ஒரு வேலை கொண்டுவர வேண்டும். யாராவது அழுதால் தேற்றுவது கிடையாது. பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து போய் அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான்.

சங்கம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் தையற்காரராக இருந்த மெஹபூப் அலியின் மனைவி அன்வரி பேகம். கடைசிக் கப்பலும் வந்துவிட்டது, அவர் வரவில்லை. போன சித்திரையில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அன்வரி தன் வீட்டுக் கொல்லைக் கிணற்றுச் சுவரில் ஏறிவிட்டாள். தண்ணீர் சேந்த வந்த பூக்காரி இசக்கியம்மாள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். “உன் புருசன் மட்டுமாடி தொலைஞ்சான்? என் வடிவேலும்தான் இன்னும் வர்ல. வா, குந்திப் பேசலாம்” என்றாள். அப்படி ஆரம்பித்தது. அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அன்வரியைத் தனியே விடுவதில்லை என்று ஏற்பாடு.

கொட்டகைச் சாவியை வாங்கித் தந்தவள் வெரோனிகா. கன்னியர் மடத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். அவளுடைய ஒரே பிள்ளை பிலிப் பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்களோடு கிளம்பினான். அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. கல்லறைத் திருநாள் முடிந்து மூன்று நாள். அன்வரி தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தையல் மிஷின்மேல வெச்ச கத்தரி டிக்டிக்னு ஆடும் அக்கா. அவ்வளவு குறட்டை.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் ஜோரில் இசக்கியம்மாள் வாயை விட்டாள்.

“இன்னா குறட்டை விட்டா இன்னா, உன் வூட்டுக்காரருக்கும்தான் வெரோனிகாம்மா மெழுகுத்திரி ஏத்துனாங்க. நான் கல்லறை வாசல்ல பூ வித்துக்கினு இருந்தேனே, பார்த்தேன். மூணு ஏத்துனாங்க. அவங்க புள்ளைக்கு ஒண்ணு, என் ஆளுக்கு ஒண்ணு, உன் ஆளுக்கு ஒண்ணு. என் ஆளு அதுல பீடி பத்த வெச்சிக்குவாருனு நெனைச்சேன். அதுக்குள்ள, ப்ளேன் வந்து குண்டு போடுமின்னு வெளக்கணைக்கச் சொல்ற ஏ.ஆர்.பி.காரன் வந்து, இருட்டப் போவுது, எல்லாத்தையும் அணைங்கன்னுட்டான்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பூ தொடுத்த கை நின்றுவிட்டது.

அன்வரி வெரோனிகாவைப் பார்த்தாள். “எந்த இடத்துல அக்கா ஏத்தினீங்க?”

“பெரிய சிலுவைக்குக் கீழ. இங்கே குழி இல்லாதவங்களுக்கு அங்கேதான்...”

“உசுரோட இருக்கறவங்களுக்கும் அங்க ஏத்துவாங்களா?”



அன்வரி கோபப்படவில்லை. தாலியாகக் கழுத்தில் கிடந்த கருகமணிச் சரத்தை நிதானமாகக் கழற்றினாள். வெரோனிகாவின் மடியில் வைத்தாள்.

“அவரைப் புதைச்சுட்டீங்க. இதையும் அங்கேயே புதைச்சுடுங்க.”

புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

“கோவம்தான். ஆறட்டும் வுடு” என்றாள் இசக்கியம்மாள். ஆனால் அவள் குரலில் உறுதி இல்லை. பிறகு மேகம் மறுபடி கவிந்தது. கொட்டகைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்கு மங்கலாயிற்று.

“இசக்கி, பொழுது சாயுதே” என்றாள் வெரோனிகா.

இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். கச்சேரி ரோடு முழுக்கச் சேறு. யுத்த காலம், தெரு விளக்குகளுக்கெல்லாம் கறுப்பு மூடி. ஜட்கா வண்டி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. வெரோனிகாவின் கைக்குள் கருகமணி உறுத்திக்கொண்டே வந்தது.

அன்வரியின் மைத்துனர் அப்துல் கரீம் வாசலில் உட்கார்ந்து குடைக்கம்பி ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“பேகம் இன்னா பண்ணுது பாய்?” என்றாள் இசக்கியம்மாள்.

“நல்லாத்தான் கீது. சிரிச்சிக்கினே வந்துச்சு. எனக்கு ஒரு கிளாஸ் டீ போட்டுக் குடுத்துச்சு. கொல்லைப் பக்கம் போச்சு. இன்னாத்துக்கு இப்பிடி மூச்சு வாங்கறீங்க?”

சிரித்துக்கொண்டு வந்தாளாம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போன தடவையும் அப்படித்தான். சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குச் சேமியா கொடுத்துவிட்டுத்தான் கிணற்றுக்குப் போனாள்.

உள்ளே போய்க் கொல்லைக் கதவைத் தள்ளினார்கள். அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. இசக்கியம்மாள் கத்த வாயெடுத்தாள். வெரோனிகா அவள் வாயைப் பொத்தினாள். “கத்தாதே. பயந்து ஏதாவது பண்ணிடுவா.” தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினார்கள். மழையில் மதில் ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. அதன் வழியே கொல்லைக்குள் இறங்கினார்கள்.

மனசைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. என் கூடவே வாருங்கள்.

அன்வரி கிணற்றுச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் உள்பக்கம் தொங்கின. மழைக்கு ஏறிய தண்ணீர் கால்களுக்கு ஒரு முழம் கீழே கறுப்பாக அசைந்தது.

“கிட்ட வராதே இசக்கி” என்றாள் திரும்பாமலே. “இந்த வாட்டி முடியை இறுக்கி முடிஞ்சு வெச்சிருக்கேன். பிடிக்க முடியாது.”

இசக்கியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெரோனிகா இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பேகம், சட்டத்தை மீறி ஒண்ணு சொல்றேன். என் பிலிப் செத்துட்டான்.”

வெரோனிகா கையிலிருந்த கருகமணியை இறுக்கிக்கொண்டாள்.

“அவன்கூட நடந்து வந்த பையன் ஆவணியிலேயே வந்து சொல்லிட்டுப் போனான். காய்ச்சல்ல போயிட்டானாம். வழியில ஒரு மரத்தடியில போட்டுட்டு வந்துட்டாங்களாம். நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, உனக்குத்தான் தெரிஞ்சு போச்சே, இங்க உனக்கென்ன வேலைன்னு கேட்டுடுவீங்களோன்னு பயம். வியாழக்கிழமையும் இல்லேன்னா நான் எங்கே போவேன்?”

மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

“கல்லறையில எல்லாக் குழியிலயும் வரிசையா வெளிச்சம். என் புள்ளைக்குச் சிலுவை அடியில ஒத்தைத் திரி. காத்துல அது படுத்த பாட்டைப் பார்க்க முடியல. துணைக்கு ரெண்டு வெச்சேன்.”

“உங்க புள்ளைக்குத் துணை வேணும்னு என் புருஷனைக் கொன்னுட்டீங்களா?” அன்வரி இப்போது திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“ஆமா” என்றாள் வெரோனிகா. “அதைத்தான் பண்ணிட்டேன். உங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஏத்திட்டேன்.”

ஆவணியிலிருந்து அடைத்து வைத்த அழுகை அப்போதுதான் உடைந்தது. சேற்றில் கையை ஊன்றிக்கொண்டு, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்த மாதிரி ஓங்கி அழுதாள்.

இசக்கியம்மாள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். வெரோனிகாவோடு நான் போய் ஒட்டி உட்கார்ந்தால் அன்வரிக்கு இறங்கி வர வேலை இல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டாள்.

“நான் போவ மாட்டேன் பேகம்” என்றாள். “வெரோனிகாம்மா பக்கத்துல எப்பவும் குந்தறது நீதான். உன் எடம். நீ வர்லேன்னா அவங்க தனியா அழட்டும்.”

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. வெரோனிகா அழுதாள். யாரும் நகரவில்லை. ராட்டினக் கயிற்றின் நுனி காற்றில் ஆடி ஆடிச் சுவரில் இடித்தது.

“கல்லு மனசுடி உனக்கு” என்றாள் அன்வரி, இசக்கியம்மாளைப் பார்த்து.

“ஆமா, கல்லுதான்.”

அன்வரி ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள். சுவர் ஈரமாக இருந்தது, கை வழுக்கியது. ஆனாலும் இசக்கியம்மாள் அசையவில்லை. இரண்டாவது காலும் தரையைத் தொட்டது. அன்வரி நடந்து வந்து சேற்றில் வெரோனிகாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் இசக்கியம்மாள் ஓடிப்போய்க் கிணற்றுக்கும் அவர்களுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கும் அழுகை வந்தது.

மூன்று பேரும் எழுந்து உள்ளே போனபோது அடுப்பங்கரையில் மண்ணெண்ணெய் விளக்கு வறண்டு கிடந்தது. ஜன்னலில் கறுப்புத் துணி. கும்மிருட்டு.

“அந்தத் திரியெல்லாம் எங்கே அக்கா?” என்று அன்வரியின் குரல் கேட்டது.

வெரோனிகா சுருக்குப்பையிலிருந்து மூன்று பாதித் திரிகளை எடுத்தாள். “எறிய மனசு வரல.”

“இதுல எது அவரோடது?”

“தெரியல பேகம். அணைச்சதும் ஒண்ணாப் போட்டுட்டேன்.”

அன்வரி மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றை எடுத்து அடுப்புத் தணலில் பற்றவைத்து, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் நிறுத்தினாள். “வெளிச்சத்துக்குத்தான்” என்றாள். “டீ போடணும்.”

குடித்து முடித்ததும் திரியை ஊதி அணைத்தாள். மிச்சம் இருக்கட்டும் என்றாள். இருட்டில் வெரோனிகா கருகமணியை நீட்டினாள். அன்வரி அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை, திருப்பியும் தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நான் இன்னிக்கு இங்கேயேதான் படுத்துக்குவேன்” என்றாள் இசக்கியம்மாள். “குறட்டை வுடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“அவரை விடவா?” என்றாள் அன்வரி.